வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கம்

சேகர ஆயர்களுக்கும், சபை ஊழியர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் வேதபாட வகுப்பு எடுக்கிறவர்கள் சிலர் எழுதும் திறந்த மடல்.

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைக்கு அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கிற நாட்கள் இவை. எந்தெந்த வசனம், எத்தனை அட்டை, பின்னணியில் பூவா அருவியா என்பதெல்லாம் இந்த வாரங்களில்தான் முடிவாகும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் வரிசையில் வந்து, தட்டிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்து, வாசலுக்குப் போவதற்குள் பக்கத்தில் நிற்கிறவரிடம் "உனக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்டுக்கொள்வார்களே, அந்த அட்டைதான். முன்பக்கத்தில் வசனம் இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். இல்லையென்றால் சபையின் பெயரும் ஆராதனை நேரமும் இருக்கும். அந்தப் பின்பக்கத்தை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அட்டையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைக்குக் கீழே ஒரு வசனம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களைப்போல எங்களுக்கும் தெரியும். ஆனால் நம் ஜனங்களில் பலருக்கு வேத வாசிப்பு என்றால் இந்த அட்டையும், காலண்டரில் கிழிக்கிற தாளில் உள்ள வசனமும், காலையில் வாட்ஸ்ஆப்பில் வருகிற படமும் என்றாகிவிட்டது. அதிகாரத்திலிருந்து பிடுங்கி எடுத்த ஒற்றை வசனத்தில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதற்காகப் பேசுகிறார் என்பது இராது. அது தெரியாதபோது, நம் மனதில் ஏற்கெனவே இருக்கிற ஆசையைத்தான் அந்த வசனத்துக்குள் வைத்து வாசிப்போம்.

ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. புதிதாகக் கடை திறக்கிறவர்களின் சுவரில், கிரகப்பிரவேச அழைப்பிதழில், வாக்குத்தத்த அட்டையில் எல்லாம் இருக்கிறது. இதைச் சொன்னது கர்த்தர் அல்ல. யோபுவும் அல்ல. யோபுவின் சிநேகிதரில் ஒருவனான சூகியனான பில்தாத். ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பனிடம், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்தார்கள் என்ற பொருளில் பேசுகிறான். அது 4-ம் வசனம். நீர் சுத்தமும் செம்மையுமாய் இருந்தால் தேவன் உம்மைத் தூக்கிவிடுவார் என்கிறான். அது 6-ம் வசனம். அதற்கு அடுத்த வசனம்தான் நம்முடைய அட்டையில் இருக்கிறது. புஸ்தகத்தின் கடைசியில், 42:7-ல், "நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை" என்று கர்த்தர் கோபித்துக்கொண்டது பில்தாத்தையும் சேர்த்துத்தான்.

அப்படியானால் யோபுவின் புஸ்தகத்தில் விசுவாசத்துக்கு ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது. புஸ்தகம் முழுவதையும் வாசித்தவருக்கு அது கிடைக்கும். அதே சிநேகிதர்கள் 2:13-ல் ஏழு நாள் இரவும் பகலும் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் தப்பு. துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது: போய் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், காரணம் சொல்லக் கூடாது. யோபுவின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டதும் உண்மை. ஆனால் பில்தாத் சொன்ன கணக்குப்படி அது வரவில்லை. தன்னைக் குற்றம் சொன்ன சிநேகிதருக்காக யோபு ஜெபித்தபோது வந்தது என்று 42:10 சொல்கிறது. கடைச் சுவரில் மாட்டின வசனத்தைவிட இது எவ்வளவு ஆழமான பாடம்!

இதே புஸ்தகத்தில் 22:28-ம் அட்டைகளில் அடிக்கடி வருகிறது. "நீர் ஒரு காரியத்தை நிருணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்" என்று அங்கே பேசுகிறவன் எலிப்பாஸ். கர்த்தருடைய கோபம் பேர் சொல்லி வந்தது அவன்மேல். தயவுசெய்து இந்த இரண்டு வசனங்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். உபாகமம் 28:13-ஐப் போடுவதானால், வாலாக்காமல் தலையாக்குவார் என்ற பாதியோடு, கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற பாதியையும் சேர்த்துப் போடுங்கள். அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் 14-ம் வசனத்தோடு முடிகிறது. மிச்சம் 54 வசனங்களும் கேளாமற்போனால் வருகிற சாபங்கள். 44-ம் வசனத்தில் அந்நியன் தலையாகவும் இஸ்ரவேல் வாலாகவும் இருக்கிறார்கள். பிலிப்பியர் 4:13-ஐப் போட்டால் 12-ம் வசனத்தையும் சேருங்கள். பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று சிறையில் கட்டுண்டிருந்து எழுதுகிற பவுல், அந்தக் குறைவிலும் நிற்கத்தான் பெலன் உண்டு என்கிறார். அரசுத் தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு அந்த வசனத்தைக் கொடுப்போம். அதில் தோற்று வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குத்தான் அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

வசனத்தைத் துண்டாக்குவதால் வருகிற ஆபத்தை நம் ஆண்டவருடைய சோதனையிலேயே பார்க்கிறோம். மத்தேயு 4:6-ல் பிசாசு 91-ம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொல்கிறான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொல்கிறான்.

இனி நல்ல வசனம் ஒன்று. எரேமியா 29:11. தட்டில் இது இல்லாத சபை இராது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குவதால், நாம் எதிர்பார்க்கிற வேலை, விசா, வரன் இந்த வருஷத்துக்குள் வந்துவிடும் என்று ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வராதபோது என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பர் வந்ததும், "வசனம் பொய்யாகாது, அப்போ என் விசுவாசத்தில்தான் குறை" என்று அந்த மனிதர் தன்னையே நொந்துகொள்வார். அதை ஆயரிடம் சொல்லவும் மாட்டார். அடுத்த டிசம்பர் 31-க்கு மறுபடியும் வரிசையில் வந்து நிற்பார். எங்களை இந்த மடல் எழுத வைத்தது அந்த மௌனம்தான்.

இந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் இது. 10-ம் வசனத்தில் எழுபது வருஷம் என்று வருகிறது. கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப்போவதில்லை என்று அர்த்தம். ஆகையால்தான் அதற்கு முன்னே, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்று 5 முதல் 7 வரை எழுதுகிறார்.

முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். ஜனங்கள் கேட்க ஆசைப்பட்ட வாக்குத்தத்தம் அதுதான். எரேமியாவும் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. ஆனால் அந்த வாக்கு கர்த்தரிடமிருந்து வரவில்லை. ஐந்தாம் மாதத்தில் அதைச் சொன்ன அனனியா ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். 28-ம் அதிகாரத்தை வாசித்துவிட்டு 29:11-க்கு வருகிறவர், "இந்த வருஷம் எனக்கு நடக்கும்" என்று அதைப் பிடித்துக்கொள்ள மாட்டார். எழுபது வருஷம் ஆனாலும் என்னை மறக்காத தேவன் என்று பிடித்துக்கொள்வார். அந்தப் பிடி அடுத்த டிசம்பரில் நழுவாது.

ஆகவே இந்த வசனம் உள்ள அட்டையின் பின்பக்கத்தில் ஏழு வரி அச்சிடுங்கள். முதல் நாள் 2 இராஜாக்கள் 24:10-17, சிறைபிடித்துப் போன சம்பவம். இரண்டாம் நாள் எரேமியா 28. மூன்றாம் நாள் 29:1-9. நான்காம் நாள் 29:10-14. ஐந்தாம் நாள் 29:15-32. ஆறாம் நாள் தானியேல் 9:1-19. ஏழாம் நாள் எஸ்றா 1, கோரேஸ் ராஜா அவர்களை அனுப்பிவிடுகிற இடம். தினம் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. இவற்றில் ஆறாம் நாளை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். எரேமியா சொன்ன அந்த எழுபது வருஷத்தைப் புஸ்தகங்களில் வாசித்துத் தானியேல் அறிந்துகொண்டார் என்று 9:2 சொல்கிறது. அறிந்ததும் அவர் செய்தது என்ன? இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசித்து, "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்று அறிக்கையிட்டார். வாக்குத்தத்தத்தை எப்படிப் பெற்றுக்கொள்வது என்பதற்கு வேதத்துக்குள்ளேயே இருக்கிற மாதிரி அவர்.

ஐம்பது விதமான அட்டை போடுகிற சபை பத்து விதமாகக் குறைத்துக்கொண்டால், பத்துக்கும் பின்பக்கம் எழுதுவது பெரிய வேலை அல்ல. கன்கார்டன்சும் (ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் நூல்) ஒத்துவாக்கியப் பதிப்பும் (ஒத்த வசனங்களைக் காட்டும் வேதாகமம்) வைத்துக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்தால் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும்.

அட்டை வீட்டுக்குப் போன பிறகு வாசிப்பது எப்படி என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜனவரி மாத ஞாயிறுகளில் பிரசங்கத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். பகுதி பத்திலிருந்து பதினைந்து வசனம் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் யார் யாரிடம் பேசுகிறார் என்பது பிடிபடாது. கூடினால் மனதில் நிற்காது. "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" என்ற சங்கீதம் 119:18-ஐ ஜெபமாகச் சொல்லித் தொடங்கலாம். முதல் தடவை வாய்விட்டு, இரண்டாம் தடவை மெதுவாக, கையில் பென்சிலோடு. பிறகு ஒரு நோட்டில் நாலே வரி. யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்பது முதல் வரி. தேவன் எப்படிப்பட்டவர் என்று இதில் தெரிகிறது என்பது இரண்டாவது. அக்காலத்து ஜனங்களிடம் அவர் எதை எதிர்பார்த்தார் என்பது மூன்றாவது. இன்று நான் செய்ய வேண்டிய ஒன்று, நாலாவது.

வழுக்குகிற இடம் இந்த நாலாவது வரிதான். "நான் இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும்", "எல்லாரிடமும் அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் மறுநாளும் அதையேதான் எழுத வேண்டியிருக்கும், ஏனென்றால் அது செய்து முடிக்கக்கூடிய காரியமாக இல்லை. ஒரு ஆள், ஒரு நேரம், ஒரு செயல் அதில் இருக்க வேண்டும். லேவியராகமம் 19:13, "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது. இதை வாசிக்கிற அன்றைக்கு நாலாவது வரி இப்படி இருக்கலாம்: "கொத்தனாருக்கு நிறுத்தி வைத்த பாக்கியை இன்று ஆறு மணிக்குள் கொடுத்துவிடுவேன்." இரவு படுக்கப்போகும் முன் அந்த வரிக்கு நேரே டிக் போடலாம், அல்லது போட முடியாது. முதல் மூன்று வரிகளை எழுதாமல் நேராக நாலாவதுக்குத் தாவுகிறவர்களும் உண்டு. தாவீது நான், கோலியாத் என் பக்கத்து வீட்டுக்காரன் என்கிற வாசிப்பு பிறப்பது அப்படித்தான். வேலிச் சண்டைக்கு 1 சாமுவேல் 17-ல் பலம் தேடுகிறவர் முதல் வரியை எழுதியிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்.

நம் பழைய மொழிபெயர்ப்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அதன் ஓசை நம் எல்லாருடைய ஜெபத்திலும் கலந்திருக்கிறது. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் சில சொற்கள் இன்றைக்கு வேறு பொருளில் காதில் விழுகின்றன. சங்கீதம் 23:1-ல் "நான் தாழ்ச்சியடையேன்" என்றால் யாரும் என்னைத் தாழ்த்த முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே தாழ்ச்சி என்பது குறைவு. 1995-ல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் "எனக்கேதும் குறையில்லை" என்று இருப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும். 1 பேதுரு 5:7-ல் "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்று படிக்கிற வாலிபனுக்குப் போலீஸ் விசாரணைதான் ஞாபகம் வருகிறது. நலம் விசாரித்து, பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால், கவலைகளை அவர்மேல் ஏன் வைக்கலாம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே திறக்கும். 1 கொரிந்தியர் 13:5-ல் "தற்பொழிவை நாடாது" என்பதற்கு அர்த்தம் கேட்டால் கலியாண ஆராதனையில் அதை வாசித்தவருக்கே தெரியாமல் இருக்கலாம். தன் லாபத்தைத் தேடாது என்று ஒரு வரி. ஓய்வுநாள் பள்ளியில் வாரம் ஐந்து சொல் வீதம் இப்படி எழுதிப்போட்டால் ஒரு வருஷத்தில் 250-க்கு மேல் ஆகிவிடும்.

குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கிற நல்ல பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றதே அதில்தான். ஆனால் தன் முறைக்கு எந்த வசனம் வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளை மற்றவர் வாசித்த எதையும் கேட்டிராது. இதற்குச் சுலபமான மாற்றம் உண்டு. முதலில் ஒருவர் மட்டும் முழுப் பகுதியையும் வாசிக்கட்டும், மற்ற எல்லாருடைய வேதாகமமும் மூடியிருக்கட்டும். பிறகு சுற்றி வாசிக்கலாம். முடிந்ததும் பெரியவர் பிரசங்கம் பண்ணாமல், வீட்டில் சின்ன ஆளிடம் "இதில் யாரு யாருகிட்ட பேசுறாங்க?" என்று கேட்டால் போதும்.

வருஷத்தில் முழு வேதாகமத்தையும் வாசிக்கிற திட்டத்தைப் புத்தாண்டு ஆராதனையில் அறிவிக்கிறோம். கணக்கு சரிதான். 1189 அதிகாரங்கள், வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23, ஐம்பத்திரண்டு வாரத்தில் 1196. ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி கடைசியில் ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகளையெல்லாம் கடந்து லேவியராகமத்துக்குள் நுழைகிற அதே நாட்களில் ஒரு கலியாணமோ காய்ச்சலோ வந்து நாலு நாள் விட்டுப்போகும். பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. அதைப் பிடிக்க முயன்று, முடியாமல், அதோடு நிறுத்திவிடுவார்கள். விட்டுப்போனதை விட்டுவிட்டு இன்றைய பகுதிக்கு வந்துவிடுங்கள் என்று அறிவிக்கும்போதே சொல்லிவிடுங்கள். முதன்முதலாக வாசிக்கிறவருக்கு அந்தத் திட்டமே வேண்டாம். மாற்கு 16 அதிகாரம், பதினாறு நாள். அடுத்து பிலிப்பியர்: நாலே அதிகாரம், 104 வசனம், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஏழு நாளும் முழு நிருபத்தையும் வாசிக்கட்டும். அதற்குப் பிறகு 4:13-ஐ அவரிடம் யாரும் தவறாகச் சொல்லிவிட முடியாது.

1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது. இந்திய மொழிகளில் அதுவே முதல். காகிதம் போதாமல் அங்கிருந்த மிஷனெரிகள் சிறிய எழுத்து வார்த்து அச்சடித்து முடித்தார்கள். சுருக்கிப் போடுவதானால் சில நூறு வசனங்களை மட்டும் போட்டிருக்கலாம். அவர்கள் எழுத்தைத்தான் சிறிதாக்கினார்கள்.

எங்கள் விண்ணப்பம் இவ்வளவுதான். இந்த வருஷப் பட்டியலை அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒவ்வொரு வசனத்துக்கும் அதன் அதிகாரத்தைத் திறந்து, யார் பேசுகிறார் என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள். டிசம்பர் 31 இரவு, அட்டை எடுக்கக் கூப்பிடும் முன், எரேமியா 29:1-14-ஐ நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் எழுந்து நின்று வாசிக்கட்டும். மூன்று நிமிஷம் போதும். மார்ச் மாத ஓய்வுநாள் பள்ளித் தேர்வில் மனப்பாட வசனம் கேட்கும்போது, வசனத்துக்குப் பாதி மதிப்பெண்ணும், அதை யார் யாரிடம் சொன்னார் என்பதற்குப் பாதி மதிப்பெண்ணும் வையுங்கள். பட்டியலைச் சரிபார்க்கவும் பின்பக்கத்துக்கு ஏழு நாள் பகுதிகளை எழுதவும் எந்தச் சபை கூப்பிட்டாலும், சனிக்கிழமை மாலை வேதாகமமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள் சிலர்